கைக்குழந்தையோடு சைக்கிள்: ஏற்றுவதற்கு முன்பும் ஏற்றிய பின்பும்

எங்கள் பாப்பாவுக்கு எட்டு மாதம் இருக்கும்போதே சைக்கிள் பெல் சத்தம் கேட்டால் இடுப்பிலிருந்து துள்ளுவாள். வாசலில் நிற்கும் என் லேடீஸ் சைக்கிளைப் பார்த்துக் கையை நீட்டுவாள். "ஆசைப்படுறாளே, முன்னாடி உட்கார வெச்சு ஒரு சுத்து சுத்திட்டு வாயேன்" என்று அத்தை சொன்னார். எனக்கும் ஆசைதான். என்னை என் அப்பா அப்படித்தான் முன்பாரில் துண்டைச் சுற்றி உட்காரவைத்து ஸ்ரீரங்கம் முழுக்கக் கூட்டிப்போயிருக்கிறார். ஆனாலும் தடுப்பூசிக்குப் போனபோது குழந்தை மருத்துவரிடம் கேட்டேன். அவர் பாப்பாவின் பின்கழுத்தை இரண்டு விரலால் தொட்டுக்காட்டி, "இது கொஞ்சம் உறுதியாகட்டும்மா, ஒரு வயசு முடியட்டும்" என்றார்.

காத்திருந்தோம். அந்த நான்கு மாதத்தில் சீட், ஹெல்மெட், சக்கரத் தடுப்பு, பாதை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தேடி, கேட்டு, சரிசெய்துகொண்டேன். இப்போது அவளுக்கு இரண்டரை வயது. வாரத்தில் நான்கைந்து நாள் காலையில் போகிறோம். பிள்ளை பெற்ற தோழிகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதையெல்லாம் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள். குறிப்பாகக் கால் பற்றிய பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

முதல் படி: வயதும் கழுத்தும்

அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி 12 மாதம் நிறையாத குழந்தையைச் சைக்கிளில் ஏற்றவே வேண்டாம் என்கிறது. காரணம் தலையின் கனம். பிறந்த குழந்தையின் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு தலை. பெரியவர்களுக்கு அது எட்டில் ஒரு பங்குக்குப் பக்கம். அவ்வளவு பெரிய தலையைத் தாங்கும் கழுத்துத் தசையோ இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. சாதாரணச் சாலையில் சின்னப் பள்ளத்தில் சக்கரம் இறங்கினாலே நமக்கு இடுப்பில் ஒரு குலுக்கு குலுக்கும். அதே குலுக்கல் குழந்தைக்குக் கழுத்தில் போய் முடியும். போதாததற்கு ஹெல்மெட்டின் எடையும் அந்தக் கழுத்தின் மேல்தான் ஏறுகிறது. உச்சிக்குழி மூடுவதும் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயதுக்குள்தான்.

ஒரு வயது ஆனாலே போதும் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டிலேயே பார்க்கலாம்: குழந்தையைத் தரையில் உட்காரவையுங்கள். எதிலும் சாயாமல் கால்மணி நேரம் உட்கார்ந்து, பக்கவாட்டில் கிடக்கும் பொம்மையை எட்டி எடுத்து, மறுபடி நிமிர வேண்டும். பிறகு ஹெல்மெட்டை மாட்டி அதையே செய்ய வையுங்கள். தலை ஒரு பக்கம் சாய்ந்தால் இன்னும் ஒரு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் பிறந்த தேதியை வைத்துக் கணக்குப் போடாமல் மருத்துவரைக் கேளுங்கள்.

"ஒன்பது மாதத்திலிருந்து ஏற்றலாம்னு சட்டமே இருக்கே" என்று ஒரு தோழி சொன்னாள். அவள் நினைத்தது மோட்டார் சைக்கிளுக்கான விதி. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்து, ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகும்போது ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டை வேண்டும், ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை ஹெல்மெட் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது அதன் சாரம். ஒன்பது மாதக் குழந்தையை ஏற்றுவது நல்லது என்று அது எங்கும் சொல்லவில்லை. மிதிவண்டியைப் பற்றி அதில் பேச்சே கிடையாது. ஆகவே சைக்கிளில் இந்த முடிவு முழுக்க நம் கையில் இருக்கிறது.

நெதர்லாந்தில் பிறந்து சில வாரமே ஆன குழந்தையைக்கூடச் சைக்கிளில் கொண்டுபோகிறார்களே என்பார்கள். உண்மைதான். அங்கே பக்ஃபீட்ஸ் என்ற வண்டி உண்டு. முன்னால் பெரிய மரப்பெட்டி, அதற்குள் காரில் வைக்கும் கைக்குழந்தை இருக்கையைப் பட்டையால் இறுக்கி, அதில் குழந்தையைப் படுக்கவைப்பார்கள். ஆனால் அந்த வண்டி போகும் பாதை தனிப்பாதை, சமதளம், பக்கத்தில் லாரி வராது. அந்தப் பாதை இல்லாமல் அந்த வழக்கத்தை மட்டும் இங்கே கொண்டுவர முடியாது. ஒரு வயது வரை நடைதான் நல்லது. துணித் தொட்டிலில் மார்போடு கட்டிக்கொண்டு நடந்தே சித்திரை வீதி நான்கையும் சுற்றிக்காட்டினேன். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

அதே துணித் தொட்டிலோடு சைக்கிளில் ஏறிவிடாதீர்கள். முன்னால் கட்டியிருந்தால், நாம் விழும்போது நம் முழு எடையும் குழந்தை மேல் விழும். முதுகில் கட்டியிருந்தால் அவ்வளவு உயரத்திலிருந்து குழந்தையின் தலை தரையில் மோதும்.

இரண்டாம் படி: எந்த சீட்

கடைகளில் மூன்று நான்கு விதம் கிடைக்கும்.

முன்பாரில் திருகி மாட்டும் சின்ன சீட், பெரும்பாலும் முதுகுச் சாய்வோ பெல்ட்டோ இல்லாதது. மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்காருவதற்காகச் செய்தது. ஒரு வயதுக் குழந்தைக்கு அது ஆகாது. ஹேண்டில் பாரில் கொக்கி போட்டுத் தொங்கவிடும் கூடை மாதிரியான சீட்டும் அப்படித்தான். குழந்தை ஒரு பக்கம் சாய்ந்தால் ஹேண்டிலும் அந்தப் பக்கம் இழுக்கும்.

முன்பக்கம் பிரேமில் மாட்டும் பெல்ட் வைத்த சீட்டில், குழந்தை நம் இரண்டு கைக்கு நடுவில் இருக்கும், முகம் தெரியும், பேசிக்கொண்டே போகலாம். ஆனால் முட்டி இடிக்கும், ஹேண்டிலை முழுதாகத் திருப்ப முடியாது, முன்பக்கமாக விழுந்தால் நாமும் குழந்தை மேல் விழுவோம்.

பின்பக்கம் மாட்டும் சீட்டில் உயரமான முதுகுச் சாய்வு, தலைக்குப் பக்கத் தடுப்பு, காலுக்குத் தொட்டி, தோள் பெல்ட் எல்லாம் இருக்கும். குழந்தையைப் பார்க்க முடியாது என்பதுதான் குறை. நான் யோசித்துப் பார்த்துப் பின்சீட்டைத்தான் வாங்கினேன். இரண்டுக்கும் ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 14344. வாங்கும்போது பெட்டியில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தரநிலைப்படி குழந்தை 9 கிலோவாவது இருக்க வேண்டும். முன்சீட் 15 கிலோ வரை, பின்சீட் 22 கிலோ வரை தாங்கும். நம் பிள்ளைகளில் பலர் ஒரு வயதில் எட்டரை, ஒன்பது கிலோதான் இருப்பார்கள். ஆகவே வயதோடு எடையையும் பாருங்கள்.

பெல்ட் ஐந்து இடத்தில் பிடிப்பதாக இருந்தால் நல்லது: இரண்டு தோள், இரண்டு இடுப்பு, நடுவில் கால்களுக்கு இடையே ஒன்று. வெறும் இடுப்பு பெல்ட் மட்டும் என்றால் குழந்தை வழுக்கிக் கீழே இறங்கிவிடும்.

பின்னால் இழுத்துக்கொண்டு போகும் சின்ன டிரெய்லர் வண்டி நல்ல கண்டுபிடிப்பு. நாம் விழுந்தாலும் குழந்தை விழாது. ஆனால் அது தரையோடு தாழ்வாக இருக்கும், பஸ் ஓட்டுநரின் கண்ணில் படாது, ஆட்டோ புகை நேராக உள்ளே போகும். கல்லூரி வளாகம், பெரிய குடியிருப்பு மாதிரி வாகனம் இல்லாத இடத்தில் மட்டும், உயரமான கொடிக்கம்பு கட்டிப் பயன்படுத்தலாம்.

அப்பா ஓட்ட, அம்மா கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போவதை நம் ஊர்களில் இன்றும் பார்க்கலாம். வேறு வண்டி இல்லாத வீட்டில் ஆஸ்பத்திரிக்குப் போக அதுதான் வழி என்பதும் தெரியும். ஆனால் அந்தக் குழந்தையை அம்மாவின் ஒரு கை மட்டும்தான் பிடித்திருக்கிறது. முடிந்தால் அவ்வளவு தூரத்தையும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்துவிடுவது மேல்.

மூன்றாம் படி: கால்

என் அக்காவின் வலது குதிகாலில் பிறை மாதிரி ஒரு தழும்பு இருக்கிறது. அவளுக்கு ஆறு வயது இருக்கும்போது மாமாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். தூக்கக் கலக்கத்தில் காலை உள்ளே விட்டுவிட்டாள். சைக்கிள் திடீரென்று நின்றது, அவள் அலறினாள். குதிகால் தோல் அப்படியே உரிந்து தொங்கியது. ஆறு வாரம் நடக்கவில்லை. மாமா இன்றைக்கும் அந்தத் தழும்பைப் பார்த்தால் பேச்சை நிறுத்திவிடுவார்.

சக்கரத்தில் கால் சிக்குவது அவ்வளவு சாதாரணமாக நடக்கும் விபத்து. நடக்கும் விதம் இதுதான்: பின்சக்கரத்தின் மேல்பாதி முன்னோக்கி ஓடுகிறது. பாதம் போக்ஸ் கம்பிகளுக்கு நடுவில் நுழைந்ததும் சக்கரம் அதை முன்னோக்கி இழுத்து, சீட்டிலிருந்து பின் அச்சுக்கு இறங்கும் குழாயில் வைத்து நசுக்கிவிடுகிறது. ஓட்டுபவருக்குச் சைக்கிள் கனப்பது போல் தெரியும், ஏன் என்று புரியாமல் இன்னும் அழுத்தி மிதிப்பார். ஜெர்மனியின் சாலை விதியில், ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையைச் சைக்கிளில் ஏற்ற வேண்டுமானால் தனி இருக்கையோடு, கால் போக்ஸ் கம்பிக்குள் போகாதபடி தடுப்பும் இருந்தே ஆக வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். நாமும் அதையே வீட்டு விதியாக வைத்துக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியவை கடினமில்லை. பின்சீட்டில் கால் வைக்கும் தொட்டியும் பாதத்தைப் பிடிக்கும் பட்டையும் இருக்க வேண்டும். குழந்தை வளர வளரத் தொட்டியைக் கீழே இறக்க முடிய வேண்டும். அதோடு சக்கரத்தின் இரண்டு பக்கமும் மூட வேண்டும். சில லேடீஸ் சைக்கிளில் சேலை சிக்காமலிருக்கப் பின்சக்கரத்தில் தடுப்பு இருக்கும். அது ஒரு பக்கம் மட்டும்தானா என்று குனிந்து பாருங்கள். என் சைக்கிளில் ஒரு பக்கம்தான் இருந்தது. மறுபக்கத்துக்குத் தோட்டத்துக்கு வாங்கும் சின்னக் கண் பிளாஸ்டிக் வலையை அளவாக வெட்டி, மட்கார்டிலும் அதன் கம்பியிலும் பிளாஸ்டிக் டேக் போட்டு நெருக்கமாகக் கட்டினேன். சைக்கிள் கடை அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, வலை உள்வாங்கிச் சக்கரத்தில் உரசாமலிருக்க நடுவில் ஒரு மெல்லிய கம்பியை வளைத்துக் கொடுத்தார்.

கட்டி முடித்ததும் சக்கரம் நிற்கும்போது உங்கள் விரல்களை எல்லா இடைவெளியிலும் நுழைத்துப் பாருங்கள். மூன்று விரல் சேர்ந்து போனால் குழந்தையின் பாதமும் போகும். அந்த இடத்தை மறுபடி மூடுங்கள்.

காலுக்கு மூடிய ஷூ. செருப்பு வேண்டாம், கழன்று விழுந்தால் குழந்தை அதை எட்டிப் பார்க்கக் காலை வெளியே எடுக்கும். கொலுசைக் கழற்றிவிட்டு ஏற்றுங்கள். நம் பக்கம்: சேலை முந்தானையையும் சுடிதார் துப்பட்டாவையும் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

இன்னொரு இடம் பலருக்குத் தோன்றுவதில்லை. நம் சைக்கிள் சீட்டுக்கு அடியில் இரண்டு சுருள் ஸ்பிரிங் இருக்கும். பின்னால் உட்காரும் குழந்தைக்கு அது சரியாகக் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. நாம் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் அமுங்கி விரலை நசுக்கும். பழைய டியூபை வெட்டியோ கனமான துணியை வைத்துத் தைத்தோ அதை மூடிவிடுங்கள்.

நான்காம் படி: சைக்கிளைத் தயார் செய்வது

சீட்டைக் கேரியரில் மாட்டுவதாக இருந்தால் கேரியர் எவ்வளவு தாங்கும் என்று பாருங்கள். புதிய சைக்கிள்களில் 18, 25 என்று கிலோ கணக்கு பொறித்திருப்பார்கள். குழந்தை 10 கிலோ, சீட் நான்கைந்து கிலோ என்று வைத்தாலும் குழந்தை வளரும். 25 இருந்தால் நிம்மதி. கியர் சைக்கிளோடு வரும் லேசான அலுமினியக் கேரியர் வேண்டாம். பழைய பாணி இரும்புக் கேரியர் உறுதியானது, ஆனால் அதன் நட்டு போல்ட் துருப்பிடித்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

பிரேக்கில் கஞ்சத்தனம் கூடாது. பின்னால் எடை ஏறினால் சைக்கிள் நிற்க முன்பைவிடத் தூரம் எடுக்கும். கம்பி பிரேக் வைத்த பழைய வண்டியில், ரிம் நனைந்துவிட்டால் பிரேக் கட்டை வழுக்கும். மழையில் அந்த வண்டியில் குழந்தையை ஏற்றவே வேண்டாம். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் முன்னும் பின்னும் சேர்த்து மாற்றுங்கள். சக்கரத்தில் கோட்டம் இருந்தால் எடுத்துவிடுங்கள். காற்று சரியாக இருக்கட்டும். பெல், பின்னால் சிவப்பு பிரதிபலிப்பான், முன்விளக்கு எல்லாம் வேண்டும்.

உயரமும் முக்கியம். சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். மிதிப்பதற்கு வழக்கமாகச் சொல்லும் உயரத்தைவிட இது கொஞ்சம் தாழ்வு, முட்டி வலிக்கும்தான், ஆனால் சட்டென்று நின்றால் வண்டி சாயாது. பின்சீட் மாட்டினால் காலைப் பின்பக்கமாக வீசி ஏற முடியாது. அதனால் ஆண்களும் பார் இல்லாத சைக்கிளை எடுத்துக்கொள்வது நல்லது.

ஐந்தாம் படி: ஹெல்மெட்

ஒரு வயதுக் குழந்தையின் தலைச் சுற்றளவு 45 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். டேப்பைப் புருவத்துக்கு மேலே சுற்றி அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். "பெரிசா வாங்கினா ரெண்டு வருஷம் வரும்" என்று வாங்காதீர்கள். தளர்ந்த ஹெல்மெட் விழும்போது நெற்றியைவிட்டு நழுவிவிடும். ஈஎன் 1078 அல்லது சின்னப் பிள்ளைகளுக்கான ஈஎன் 1080 எண் உள்ளே ஒட்டியிருக்க வேண்டும். மேலே சொன்ன மோட்டார் சைக்கிள் விதியும் குழந்தைகளுக்கு இந்தத் தரத்துச் சைக்கிள் ஹெல்மெட்டை ஏற்றுக்கொள்கிறது. கைக்கு லேசாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

பின்பக்கம் தட்டையாக இருப்பதைப் பாருங்கள். பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் சாய்வில் முட்டித் தலையை முன்னால் தள்ளும், தாடை நெஞ்சில் ஒட்டும், குழந்தைக்கு மூச்சு சிரமமாகும். கடையிலேயே குழந்தையைச் சீட்டில் உட்காரவைத்துப் பார்த்துவிடலாம்.

மாட்டும் விதம்: புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி, பட்டைகள் காதுக்குக் கீழே சேர வேண்டும், தாடைக்குக் கீழே ஒரு விரல் மட்டும் நுழைய வேண்டும். காது குத்தியிருந்தால் பட்டையில் தோடு மாட்டுகிறதா பாருங்கள். தொங்கும் ஜிமிக்கி, உச்சிக்குடுமி, கிளிப் மூன்றும் ஹெல்மெட்டுக்கு ஆகாது. எங்கள் பாப்பா முதல் வாரம் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தாள். நானும் என் ஹெல்மெட்டை வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு அவளோடு விளையாடினேன். நான்காவது நாள் அவளே எடுத்துவந்து கொடுத்தாள். விழுந்து அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி பயன்படுத்த வேண்டாம், உள்ளே விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

ஆறாம் படி: அரிசி மூட்டை

குழந்தையை ஏற்றுவதற்கு முன் ஒரு வாரம் 10 கிலோ அரிசிப் பையை அதே சீட்டில் வைத்து, அதே பெல்ட்டைப் போட்டு ஓட்டுங்கள். என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியில் அதிகப் பயன் தருவது இந்தப் பயிற்சிதான். முதல் நாள் திரும்பும்போது வண்டி நான் நினைத்ததைவிடப் பெரிதாகச் சாய்ந்தது, ஒரு திண்ணையில் கைவைத்துத்தான் நின்றேன். மூட்டை அசையாது, குழந்தை அசையும் என்பதையும் மனதில் வையுங்கள்.

பயிற்சியில் ஐந்து வேலைகளைச் செய்து பாருங்கள்: ஏறுவது, இறங்குவது, சட்டென்று நிற்பது, குறுகலாகத் திரும்புவது, வேகத்தடையில் ஏறி இறங்குவது. ஏற்றமான இடத்தில் நின்று மறுபடி கிளம்புவதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு முறைகூடத் தள்ளாடாமல் மூன்று நாள் ஓட்டிய பிறகு குழந்தையை ஏற்றுங்கள்.

ஏழாம் படி: ஏற்றுவதும் இறக்குவதும்

ஓடும்போது விழுவதைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறோம். நிற்கும் சைக்கிள் சாய்வதற்கும் அதே அளவு பயப்பட வேண்டும். குழந்தை கட்டப்பட்டிருக்கிறது, கையை ஊன்ற முடியாது, ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்திலிருந்து பக்கவாட்டில் தலை தரைக்கு வரும்.

சைடு ஸ்டாண்டு வேண்டவே வேண்டாம். டபுள் ஸ்டாண்டு, அதுவும் சமதளத்தில். மண் தரையில் ஸ்டாண்டு புதையும். வாசல் தெளித்து ஈரமாக இருந்தால் வழுக்கும். இன்னொருவர் இருந்தால் அவர் ஹேண்டிலைப் பிடிக்க, நீங்கள் ஏற்றுங்கள். தனியாக இருந்தால் இப்படி: குழந்தைக்கு ஹெல்மெட்டைத் தரையிலேயே மாட்டிவிடுங்கள். பழைய டியூபில் வெட்டிய ரப்பர் வளையத்தை முன்பிரேக் பிடியோடு சேர்த்து மாட்டுங்கள், முன்சக்கரம் உருளாது. இடுப்பைச் சைக்கிளில் அணைத்தபடி குழந்தையை இறக்கிவைத்து, முதலில் இடுப்பு பெல்ட், அப்புறம் தோள், அப்புறம் கால் பட்டை. தோள் பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் போதும். ரப்பர் வளையத்தைக் கழற்றிவிட்டுத்தான் ஸ்டாண்டை எடுக்க வேண்டும்.

பை, தண்ணீர் எல்லாம் ஏற்றி முடித்த பிறகு கடைசியாகக் குழந்தை. வீடு வந்ததும் முதலில் குழந்தை. பால் வாங்க ஒரு நிமிடம் கடைக்குள் போவதானாலும் குழந்தையை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போங்கள். ஹேண்டிலில் பை தொங்கவிடாதீர்கள்.

எட்டாம் படி: பாதை, நேரம், காற்று

நாங்கள் காலை ஆறு மணிக்குக் கிளம்புவோம். சித்திரை வீதிகள் தேரோடும் வீதிகள், அகலம் உண்டு. ஏழுக்கு மேல் கோயிலுக்கு வரும் வேன்கள் சேர்ந்துவிடும். வைகுண்ட ஏகாதசி நாட்களில் சைக்கிளை எடுப்பதே இல்லை. உங்கள் ஊரில் ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்து முதலில் தனியாக, அதே நேரத்தில் போய்ப் பாருங்கள்: வெள்ளை அடிக்காத வேகத்தடை எங்கே, சாக்கடை மூடி எங்கே உடைந்திருக்கிறது, ஓர மணல் எங்கே சேர்ந்திருக்கிறது, பள்ளி வேன் எந்த முனையில் திரும்புகிறது. நெடுஞ்சாலை, மேம்பாலம், பஸ் தடம் மூன்றும் வேண்டாம்.

முதல் நாள் பத்து நிமிடம் போதும். ஒரு மாதம் கழித்து இருபது, அரை மணி. பால் குடித்தோ சாப்பிட்டோ அரை மணியாவது ஆகியிருக்கட்டும். வேகம், பக்கத்தில் ஒருவர் மெல்ல ஓடிவந்தால் கூடவே வரக்கூடிய அளவு.

திருச்சிப் பக்கம் ஆடிக்காற்றைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. உயரமான முதுகுச் சாய்வு அந்தக் காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. காவிரிப் பாலத்தில் பக்கவாட்டில் ஒரு வீச்சு வந்தால் பெரியவர்கள் சைக்கிளே நகர்ந்துவிடும். ஆடியில் பாலம் பக்கமே போவதில்லை, தெருவுக்குள்ளும் காற்று எழும்புவதற்கு முன் முடித்துவிடுகிறோம்.

வெயிலில் நமக்குக் காற்று முகத்தில் அடிக்கும். நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும் குழந்தைக்கு அந்தக் காற்று கிடைக்காது. சித்திரை, வைகாசியில் எட்டு மணிக்கு மேல் வேண்டாம், கறுப்பு பிளாஸ்டிக் சீட்டை வெயிலில் நிறுத்தியிருந்தால் தொட்டுப் பார்த்து உட்காரவையுங்கள், பக்கிள் கொதிக்கும். மார்கழியில் இதற்கு நேர்மாறு: நாம் மிதித்து வேர்த்திருப்போம், அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குக் குளிரும். அவளுக்கு ஒரு சட்டை அதிகம் போடுங்கள். ஆனால் கழுத்தில் சுற்றும் மப்ளர் வேண்டாம்.

ஆயுத பூஜைக்கு மறுநாளும், அமாவாசைக்கு மறுநாளும் காலையில் தெருமுனைகளில் உடைத்த பூசணிக்காய் கிடக்கும். சக்கரம் அதில் ஏறினால் நேராக வழுக்கும். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

நாய் துரத்தினால் வேகமாக மிதிக்கத் தோன்றும். அப்போதுதான் அதுவும் வேகமாக வரும். மெதுவாக்கி, நின்று, இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் சைக்கிள் இருக்கும்படி நில்லுங்கள். குரலை உயர்த்தாமல் நடந்தே கடந்துவிடலாம். ஒரே தெருவில் தினமும் துரத்தினால் அந்தத் தெருவை விட்டுவிடுங்கள்.

ஓட்டும்போது பேசிக்கொண்டே போங்கள். "மாடு எங்கே? பூக்கடை எங்கே?" என்று கேட்டுக்கொண்டே போவேன். பதில் வராவிட்டால் தூங்கிவிட்டாள் என்று அர்த்தம். தூங்கும் குழந்தையின் தலை ஹெல்மெட்டோடு முன்னால் தொங்கும், மூச்சுக்குழல் மடங்கும். உடனே நிறுத்தி இறக்குங்கள், மீதித் தூரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வாருங்கள். செல்போனைப் பையில் போட்டு மூடிவிடுங்கள்.

ஒருவேளை விழுந்துவிட்டால்

கால் சக்கரத்தில் சிக்கினால் இழுக்காதீர்கள். வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொண்டு ஆளைக் கூப்பிடுங்கள். சக்கரத்தை மெல்லப் பின்னோக்கி அசைத்து இறுக்கம் குறைந்தால் எடுக்கலாம், இல்லாவிட்டால் போக்ஸ் கம்பியை வெட்டச் சொல்லுங்கள். சுத்தமான தண்ணீர் ஊற்றி, சுத்தமான துணியைச் சுற்றி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். தோல் கிழியாமல் வெறும் சிவப்பாக இருந்தாலும் காட்டியே ஆக வேண்டும். நசுங்கிய தோல் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் கறுத்துப் போகும். உள்ளே எலும்பிலும் விரிசல் விட்டிருக்கலாம்.

தலையில் அடிபட்டால் ஹெல்மெட் இருந்ததே என்று விட்டுவிடாதீர்கள். இந்த வயதுக் குழந்தையை அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், நிற்காத அழுகை, பால் குடிக்க மறுப்பது, வலிப்பு, காதிலோ மூக்கிலோ நீர் கசிவது, ஒன்று இருந்தாலும் 108ஐ அழையுங்கள். மறுநாள் வரை கவனித்துக்கொண்டே இருங்கள்.

சீட்டை மாதம் ஒருமுறை

சீட் வாங்கியபோது கூடவே ஓர் அலன் கீ வந்திருக்கும். அதைத் தொலைக்காதீர்கள். நம் சாலைக் குலுக்கலில் திருகுகள் தளரும். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் இறுக்கி, பெல்ட் நூல் பிரிந்திருக்கிறதா, வெயிலில் பிளாஸ்டிக் வெளுத்து வெடித்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அதே நாளில் குழந்தையையும் எடைபோட்டு, தோள் பெல்ட்டை ஒரு துளை மேலே ஏற்ற வேண்டுமா, கால் தொட்டியை இறக்க வேண்டுமா என்று சரிசெய்யுங்கள். கண் சீட் விளிம்புக்கு மேலே வந்துவிட்டால், எடை மிச்சம் இருந்தாலும், அந்த சீட்டின் காலம் முடிந்தது.

பிறகு அதை யாருக்காவது கொடுக்க நினைத்தால், ஒரு முறைகூட விழாத சீட் என்றால் மட்டும் கொடுங்கள். விழுந்ததைப் பெல்ட்டை அறுத்துவிட்டுப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம், வேறு பிள்ளை உட்காரக் கூடாது. கொடுப்பதோடு அந்த அலன் கீ, மாட்டும் விதம் அச்சிட்ட தாள், சக்கரத்துக்குக் கட்டிய வலை மூன்றையும் சேர்த்துக் கொடுத்து, முதல் முறை நீங்களே போய் மாட்டிக்காட்டுங்கள். அரிசி மூட்டையை அவர்கள் வீட்டிலேயே எடுத்துக்கொள்வார்கள்.